‘இல்லை’ இல்லாமற் போன கதை

முடிந்த வேலையிலிருந்து கையை எடுக்கத் தெரியாதவர்கள் என்று ஓர் இனம் உண்டு. காய்ந்துவிட்டதா என்று பெயின்ரை விரலால் தொட்டுப் பார்ப்பவர்கள். இறக்கி வைத்த கறிக்கு இன்னொரு சிட்டிகை உப்புப் போடுபவர்கள். புறப்படும் நேரத்தில் சேலைக் கொய்யகத்தை அவிழ்த்து மறுபடி மடிப்பவர்கள். இருபத்துமூன்று வயதில் நான் அந்த இனத்தின் தலைவி. பேருந்தில் இருக்கை கிடைத்தால் அடுத்த இருக்கை இதைவிட நல்லதோ என்று எழும்பிப் போவேன். இரண்டையும் இழந்து, ஊர்காவற்றுறையிலிருந்து யாழ்ப்பாணம் வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று போன நாட்கள் உண்டு.

அப்படிப்பட்ட ஒருத்தியிடம் யாராவது இணையப் பக்கம் செய்யக் கொடுப்பார்களா? என் அத்தான் கொடுத்தார்.

அத்தான் என்றால் சுமதி அக்காவின் கணவர், சிவநேசன். நெடுந்தீவுக்காரர். அங்கேயே ஓர் அரச அலுவலகத்தில் வேலை. பெற்றோர் லண்டனுக்குப் போன பிறகு பாதி வெறுமையாகக் கிடந்த வீட்டில் இரண்டு அறைகளைத் திருத்தி, வெள்ளையடித்து, வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் தங்கிப் போகிற விடுதியாக்கினார். நான் அப்போது யாழ்ப்பாணத்தில் இணையப் பக்கம் வடிவமைக்கிற வகுப்பொன்றை முடித்திருந்தேன். வேலை இல்லை. வீட்டில் எல்லோருடைய பொறுமையையும் சோதிப்பதே முழுநேர வேலையாக இருந்தது.

“வதனி, நீரே ஒரு பக்கம் செய்து தாருமன். ஆனா ஒண்டு. அதில ஒரு பொய்யும் இருக்கக் கூடாது,” என்றார் அத்தான்.

அத்தானின் நேர்மையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். தெருவில் யாராவது ‘எப்பிடிச் சுகம்?’ என்று கேட்டால் நின்று, வயிற்றுப்போக்கு உட்பட உள்ளதை உள்ளபடி சொல்லுகிற மனிதர் அவர். (கேட்டவர் அடுத்த முறை மற்றத் தெருவால் போவார்.) ஊரில் உள்ள விடுதிகள் எல்லாம் தங்களிடம் இருப்பதைப் பக்கத்தில் போடும். அத்தான் தன்னிடம் இல்லாததைப் போடச் சொன்னார்.

“வந்து நிண்டு அது இல்லை, இது இல்லை எண்டு ஒருத்தரும் முகம் சுழிக்கக் கூடாது. முதலே தெரிஞ்சுகொண்டு வரட்டும்.”

ஆகவே ஒரு அட்டவணை. இடப்பக்கம் பொருளின் பெயர். வலப்பக்கம், அதற்கு நேரே, ‘உண்டு’ அல்லது ‘இல்லை’. கிணறு, காற்று, அமைதி மூன்றுக்கும் ‘உண்டு’. மற்றதெல்லாம் ‘இல்லை’. குளிரூட்டி இல்லை. சுடுதண்ணீர் இல்லை. இறங்குதுறையிலிருந்து வாகனம் இல்லை. மீன், நண்டு, இறால் இல்லை. அக்கா வீட்டுக் குசினியில் மரக்கறி மட்டும்தான். நீச்சல் தடாகமும் இல்லை.

“நீச்சல் தடாகம் ஏன் அத்தான்? நெடுந்தீவில ஆர் அதை எதிர்பாக்கப் போகினம்?”

“கனடாக்காரர் எதிர்பாப்பினம். போடும்.”

போட்டேன். கடைசியாக, இரவில் காதருகே பாடிக் கடிக்கிற நுளம்பை நினைத்து, ‘நுளம்புத் தொல்லை’ என்று எழுதி அதற்கும் ‘இல்லை’ போட்டது என் சொந்த யோசனை. இவ்வளவு ‘இல்லை’க்கு நடுவில் ஒரு நல்ல ‘இல்லை’யும் இருக்கட்டுமே என்று.

பக்கத்தில் என்ன இருக்கிறது என்று எழுதுவது ஒரு வேலை. அது எந்த நிறத்தில், எவ்வளவு அகலத்தில், எங்கே நிற்க வேண்டும் என்று சொல்வது சிஎஸ்எஸ் என்கிற இன்னொரு வேலை. முதலாவது ஆள் என்றால் இரண்டாவது அந்த ஆளின் உடுப்பு. எனக்கு உடுப்பில்தான் ஆசை. மேலே ஒரு சின்னப் படமாக, தீவில் தன்பாட்டில் மேய்கிற நெடுந்தீவுக் குதிரை. கீழே என் மடிக்கணினித் திரையில் எடுப்பாகத் தெரிகிற அகலத்தை அளந்து அந்த அளவிலேயே அட்டவணையை அடித்து வைத்தேன். ‘உண்டு’ எல்லாம் பச்சை, ‘இல்லை’ எல்லாம் சிவப்பு. வலது ஓரத்தில் வரிசை பிசகாமல் நின்றன. அத்தான் அலுவலகக் கணினியின் பெரிய திரையில் பார்த்துவிட்டு, “வடிவாக் கிடக்கு. இனி இதில கை வையாதையும்,” என்றார்.

அவருக்கு என்னைத் தெரிந்திருந்தது. ஆனால் போதிய அளவு தெரிந்திருக்கவில்லை.

இரண்டு நாள் கழித்துப் பேருந்தில் என் கைபேசியில் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். விரல் பட்டவுடன் பக்கம் இடமும் வலமும் வழுக்கியது. அட்டவணை கைபேசித் திரையை விட அகலம். மீதியைப் பார்க்கப் பக்கவாட்டில் தள்ள வேண்டியிருந்தது. அதிலொன்றும் பெரிய பாதகமில்லை. ஆனால் அந்த ஆட்டம் என்னை அரித்தது. வீடு போய்ச் சேரும்வரை பொறுத்திருந்தால் யோசித்திருப்பேன். பொறுக்கவில்லை. பேருந்திலேயே தேடினேன். ‘பக்கம் ஆடுகிறதா? இந்த ஒரு வரியைப் போடுங்கள்’ என்று யாரோ ஒரு புண்ணியவான் எழுதியிருந்தார். திரையின் அகலத்துக்கு வெளியே வழிகிற எல்லாவற்றையும் மறைத்துவிடு என்று சொல்கிற வரி. போட்டேன். விரலால் தள்ளிப் பார்த்தேன். பக்கம் சுவர்போல நின்றது.

ஆடுகிறதா என்று மட்டும்தான் பார்த்தேன். வாசிக்கவில்லை. வாசித்திருந்தாலும், எழுதியவள் நான் என்பதால் என் கண் மிச்சத்தைத் தானே நிரப்பியிருக்கும்.

அடுத்த வாரம் அத்தானுக்கு முதலாவது விருந்தினர் கிடைத்தார்கள். ஒரு காலத்தில் கொழும்பில் கடை வைத்திருந்த தீவுக் குடும்பம், இப்போது ரொறன்ரோவில். அத்தான் வழக்கம்போல எழுதினார்: ‘எல்லாம் பக்கத்தில் போட்டிருக்கிறேன். ஆறுதலாக வாசித்துவிட்டு முடிவெடுங்கள்.’ பதில் வந்தது: ‘வாசித்தோம். எல்லாம் எங்களுக்கு நல்ல பொருத்தம்.’ அத்தானுக்கு ஒரே சந்தோசம். உலகத்தில் இப்படியும் எளிமையான மனிதர்கள் இருக்கிறார்கள் என்று அலுவலகம் முழுவதும் சொல்லித் திரிந்தாராம்.

விருந்தினர் வருகிற நாள் அக்காவுக்கு உதவியாக நானும் வெளிக்கிட்டேன். குறிகட்டுவானில் படகேறினால் நெடுந்தீவுக்கு ஒரு மணித்தியாலத்துக்குக் கிட்ட. என்னைப் போன்ற ஆளுக்கு அது ஒரு தண்டனை. எழும்பி நடக்க இடமில்லை, இறங்கவும் ஏலாது. எதிரே ஒரு குடும்பம் இருந்தது. முழங்கால்களைத் தடவிக்கொண்டு ஒரு ஐயா, கையிலிருந்த துவாலையால் விசிறிக்கொண்டு ஒரு அன்ரி, பக்கத்தில் கல்லூரி வயதில் மகள். மகளின் பையிலிருந்து காற்றுப் போன நீச்சல் வளையமொன்றின் நுனி எட்டிப் பார்த்தது.

“கடல்ல குளிக்கவோ?” என்று பேச்சுக் கொடுத்தேன்.

“இல்லை பிள்ளை, அவவுக்குக் கடல் எண்டாப் பயம்,” என்றார் அன்ரி. “நாங்கள் நிக்கப் போற இடத்தில நீச்சல் தடாகம் இருக்கு.”

நெடுந்தீவில் எந்த இடத்தில் என்று யோசித்தேன். யாரோ பெரிய விடுதி கட்டிவிட்டார்களோ, அத்தானுக்குப் போட்டி வந்துவிட்டதோ என்று மனம் பதைத்தது.

“ஆற்ற இடம் அன்ரி?”

“சிவநேசன் எண்டு ஒருத்தற்ற இடம். கறிக்கு நண்டு, இறால் எல்லாம் இருக்காம். எனக்கு இந்த வெக்கை ஏலாது பிள்ளை. ஏசி இருக்கெண்டபடியாத்தான் நானே ஓமெண்டனான்.”

படகு ஆடவில்லை. ஆடியது நான். அந்தப் பக்கத்தை ஒருக்கால் பார்க்கலாமா என்று கேட்டேன். பரமானந்தம் என்ற அந்த ஐயா தன் கைபேசியில் அதைத் திறந்து நீட்டினார். கைபேசி ஒருமுறை பார்த்த பக்கத்தைத் தனக்குள் பதுக்கி வைத்துக்கொள்ளும். அதனால் நடுக்கடலிலும் திறந்தது. குளிரூட்டி. சுடுதண்ணீர். இறங்குதுறையிலிருந்து வாகனம். மீன், நண்டு, இறால். நீச்சல் தடாகம். அழகான எழுத்து, அழகான இடைவெளி. வலது ஓரத்தில் நின்ற பச்சை, சிவப்பு வரிசை மட்டும் இல்லை. பேருந்தில் நான் போட்ட அந்த ஒரு வரி, வழிந்ததையெல்லாம் மறைத்திருந்தது.

அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். அறிவுள்ள எவளும் சொல்லியிருப்பாள். எனக்கு வந்த யோசனை வேறு: கரை சேர்வதற்குள் பக்கத்தைச் சரிசெய்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். (நீச்சல் தடாகத்தை எதிர்பார்த்துப் பாதிக் கடல் தாண்டி வந்தவர்களுக்குத் திருத்திய பக்கத்தால் என்ன பயன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.) கைபேசியை எடுத்து அந்தக் கோப்பைத் திறந்தேன். சிக்னல் வந்தது, போனது. எழும்பி நின்றேன், இருக்கச் சொல்லிச் சத்தம் போட்டார்கள். இருந்தேன். கையை மட்டும் யன்னலுக்கு வெளியே நீட்டினேன். அலையடித்தது. நனைந்த பெருவிரலால் அந்த வரியை அழித்தேன், அட்டவணையின் அகலத்தை மாற்றினேன். ஒரு கோடு சிக்னல் வந்த கணத்தில் சேமித்தேன். ‘சேமிக்கப்பட்டது’ என்று வந்ததும் சிக்னல் போய்விட்டது. அப்பாடா என்று சாய்ந்து உட்கார்ந்தேன்.

சிஎஸ்எஸ்ஸில் ஒவ்வொரு கட்டளைத் தொகுதியும் ஒரு சுருள் அடைப்புக்குறியில் தொடங்கி இன்னொன்றில் முடியும். முடிகிற குறி இல்லாவிட்டால் அதற்குக் கீழே எழுதிய ஒன்றையும் பக்கம் மதிக்காது. நான் அழித்த வரியோடு அந்தக் குறியும் போயிருந்தது. அதற்குக் கீழே இருந்தது குதிரைப் படத்தைச் சின்னதாக வைத்திருக்கச் சொல்கிற கட்டளை. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும்.

இறங்குதுறையில் அத்தான் மடிப்புக் கலையாத சேட்டோடு, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகமெல்லாம் சிரிப்பு.

“வாங்கோ வாங்கோ. நான்தான் சிவநேசன். பிரயாணம் சுகமோ?”

“சுகம்,” என்றார் பரமானந்தம் ஐயா. “வாகனம் எங்க நிக்குது?”

“வாகனம் இல்லை.”

“வெளியில போட்டுதோ?”

“இல்லை எண்டா இல்லை. பக்கத்திலயே போட்டிருக்கிறன். வாசிச்சனாங்கள் எண்டு நீங்களும் எழுதினியள்.”

“வாசிச்சபடியாத்தான் கேக்கிறன். வாகனம் எண்டு போட்டிருக்கு.”

“இல்லை எண்டு போட்டிருக்கு.”

“ஐசே, எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும்.”

அத்தானின் சிரிப்பு ஒரு ஓரத்திலிருந்து மெல்ல மெல்ல மறைந்தது. தன்னை ஒருவர் பொய்யன் என்று சொல்லாமல் சொல்வது அவருக்கு வாழ்க்கையில் முதல் தடவை. படகிலிருந்து இறங்கியவர்கள் போகாமல் நின்றார்கள். அங்கே மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்களும் நிறுத்திவிட்டார்கள். நான் நடுவில் புகுந்தேன்.

“ஒரு நிமிசம். இப்ப எல்லாம் சரி. பக்கத்தை இப்ப புதுசாத் திறந்து பாருங்கோ, விளங்கும்.”

மகள் ஷாமினி அதுவரை அந்தப் பக்கத்தைத் திறந்ததே இல்லை; தன் கைபேசியில் திறந்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். கைபேசியைச் சரித்துப் பார்த்தாள்.

“அப்பா, இதில ஒரு கண் மட்டும்தான் தெரியுது.”

“என்ன கண்?”

அவள் விரலால் கீழே தள்ளினாள். “இப்ப மூக்கு.” இன்னும் தள்ளினாள். “பல்லு.” பிறகு எங்கள் எல்லோரையும் நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்: “குதிரையிலயோ போறது?”

மூட்டைக்காரர்கள்தான் முதலில் சிரித்தார்கள். பிறகு இறங்குதுறை முழுவதும். அத்தான் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார். இனி ஓட இடமில்லை. மூன்று பக்கமும் கடல்.

“அத்தான், அந்த ‘இல்லை’ எல்லாம் வலப்பக்கத்தில நிண்டதெல்லே. கைபேசியில அது தெரியாமப் போட்டுது. பக்கம் ஆடுது எண்டு நான்தான் ஒரு வரி போட்டனான்.”

“எத்தினை இல்லை போனது?”

“எல்லாம்.”

அத்தான் சைக்கிளை மதிலில் சாத்தினார். சேட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு வகுப்பில் இடாப்புக் கூப்பிடுகிற வாத்தியாரைப் போல, முழு அட்டவணையையும் மனப்பாடமாக, ஒன்றும் விடாமல் சொன்னார். “குளிரூட்டி. இல்லை.” அன்ரியின் விசிறல் நின்றது. “நீச்சல் தடாகம். இல்லை.” ஷாமினி வளையத்தின் நுனியைப் பைக்குள் அமுக்கினாள். “மீன், நண்டு, இறால். இல்லை.” அதுவரை முழங்கால் நோவைக்கூடப் பொறுத்துக்கொண்டு நின்ற பரமானந்தம் ஐயா கல்லில் உட்கார்ந்துவிட்டார். அத்தான் விடவில்லை. நேர்மை என்றால் கடைசி வரி வரைக்கும். “நுளம்புத் தொல்லை. இல்லை.”

அன்ரி காலடியில் கிடந்த பெரிய பொதியைப் பார்த்தார்.

“அதையும் நம்பித்தான் மூண்டு நுளம்பு வலை வாங்கிக் காவிக்கொண்டு வந்தனாங்கள்,” என்றார். “தங்கட குறையைத் தாங்களே போட்டிருக்கினம், நேர்மையான ஆக்கள் எண்டு இவர் சொன்னவர்.”

அத்தானின் முகத்தில் அவ்வளவு துயரத்திலும் ஒரு சின்னப் பெருமிதம் வந்து போனதை நான் கண்டேன்.

“திரும்பிப் போற படகு எப்ப?” என்று கேட்டார் ஐயா.

“நாளைக்குக் காலமை.”

சீமெந்து ஏற்ற வந்த லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் ஒன்றின் பெட்டியில் கெஞ்சி இடம் பிடித்தோம். ரொறன்ரோக் குடும்பம் சீமெந்து மூட்டைகளின் மேல் இருந்து, முருகைக்கல் மதில்களுக்கு நடுவே குலுங்கிக் குலுங்கி வீடு வந்து சேர்ந்தது. வாசலில் நின்ற அக்கா, சீமெந்துத் தூள் பூசிய மூன்று பேரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“என்னடி செய்தனீ?”

“சிஎஸ்எஸ், அக்கா.”

“அது என்ன கோதாரியோ, உள்ள வா.”

அன்று மிச்சப் பொழுது முழுவதும், அந்த வீட்டில் என்னென்ன இல்லையோ அதெல்லாம் நானாக இருந்தேன். சுடுதண்ணீர் நான்: குசினியிலிருந்து வாளி வாளியாகக் கிணற்றடிக்குச் சுமந்தேன். குளிரூட்டி நான்: அன்ரியின் கதிரைக்குப் பக்கத்தில் நின்று விசிறினேன். ஒரு இடத்தில் நிற்கத் தெரியாதவளை அப்படி நிறுத்தி வைத்ததுதான் பெரிய தண்டனை. வாகனமும் நானே: ஐயாவைச் சைக்கிளில் ஏற்றி ஓட ஏலாதபடியால், அவர் பார்க்க விரும்பிய குதிரைகள் எந்தப் பக்கம் மேய்கின்றன என்று நான் ஓடிப்போய்ப் பார்த்து வந்து சொன்னேன். (தூரத்தில் மூன்று நின்றன. நான் போனதும் அவையும் ஓடிவிட்டன. நியாயம்தான்.)

ஷாமினியைக் கடலுக்குக் கூட்டிப் போனேன். முதலில் கணுக்கால், பிறகு முழங்கால். பயம் என்றவள் பொழுது சாயும்வரை வெளியே வர மறுத்தாள். நண்டுதான் பெரிய பிரச்சினை. அக்காவின் குசினிக்குள் அது வராது. அத்தான் பக்கத்து வீட்டுப் பிலோமினா அக்காவிடம் போய் நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னார். அவர் சிரித்து முடிக்கவே நேரமெடுத்ததாம். “நாளைக்கு வலையில நண்டு வரட்டும். மத்தியானம் என்ர வீட்டில இருத்திச் சாப்பாடு குடுக்கிறன்,” என்றார்.

மறுநாள் காலைப் படகில் அவர்கள் போகவில்லை. நண்டை விட்டுவிட்டுப் போக ஐயாவுக்கு மனமில்லை.

அவர்கள் பிலோமினா அக்கா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நான் மடிக்கணினியோடு உட்கார்ந்தேன். வகுப்பில் கற்றும் காதில் ஏறாததெல்லாம் அன்று ஏறியது. வழிவதை மறைக்கக் கூடாது. ஏன் வழிகிறது என்று பார்க்க வேண்டும். தொலைந்த அடைப்புக்குறியை மீண்டும் போட்டேன். குதிரை தன் அளவுக்குத் திரும்பியது. அட்டவணைக்கு அடித்து வைத்த அகலத்தை எடுத்துவிட்டு, திரை எவ்வளவோ அவ்வளவுக்குள் நிற்கச் சொன்னேன். பிறகு வாசித்தேன். சத்தமாக, ஒவ்வொரு வரியாக. அத்தான் பின்னால் வந்து நின்றார்.

“பிள்ளை, எனக்கு இனி வலப்பக்கத்தில நம்பிக்கையில்லை. இல்லையை முன்னுக்குப் போடும்.”

அன்றிலிருந்து அந்தப் பக்கம் ‘இல்லை: குளிரூட்டி. இல்லை: நீச்சல் தடாகம்’ என்றுதான் போகிறது. அத்தானின் பேச்சும் அப்படியே ஆகிவிட்டது. இன்றும் யாராவது அழைத்து அறை பற்றி விசாரித்தால், வணக்கம் சொல்வதற்கு முன்பு ‘இல்லை’ என்கிறார். சிலர் உடனே வைத்துவிடுகிறார்கள்.

ரொறன்ரோக் குடும்பம் மூன்று நாள் நின்றது. ஊருக்குப் போய் ஐயா இணையத்தில் அபிப்பிராயம் எழுதினார். நண்டைப் பற்றி ஒரு பெரிய பந்தி, காற்றைப் பற்றி ஒரு வரி. முடிவில், ‘நுளம்புத் தொல்லை என்று போட்டிருந்தார்கள். ஒன்றுகூடக் கடிக்கவில்லை. அந்த ஒன்றில் மட்டும் ஏமாற்றம்’ என்றிருந்தது.

அடுத்த வருடம் எனக்குக் கலியாணம் பேசி வந்தார்கள். வேலணைப் பக்கம், பெயர் குகன். இரண்டு பேரும் கொஞ்சம் கதைக்கட்டும் என்று எங்களை விறாந்தையில் விட்டுவிட்டுப் பெரியவர்கள் உள்ளே போய்விட்டார்கள். நான் கதிரையில் இருப்புக்கொள்ளாமல் நெளிந்துகொண்டிருந்தேன். அவர் ஒருவழியாகக் கேட்டார்:

“என்னைப் பிடிச்சிருக்கோ?”

“ஓம். பிடிச்சிருக்கு,” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. என் வலப்பக்கமாகக் கொஞ்சம் சரிந்து, அங்கே இருந்த வெறும் சுவரைக் கவனமாகப் பார்த்தார்.

“அங்கால வேற ஏதும் மறைஞ்சு கிடக்கோ?”

அக்கா முதலே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார் என்பது அப்போதுதான் விளங்கியது. எனக்கு முகமெல்லாம் எரிந்தது. வந்த வெட்கத்தில் தேவையை விடப் பெரிய குரலில் பதில் சொன்னேன்:

“இல்லை.”

உள்ளே கோப்பைச் சத்தம் நின்றது. கதவுக்குப் பின்னால் காதை வைத்திருந்த அவருடைய அம்மாவுக்கு, எங்கள் முழுப் பேச்சிலும் கேட்டது அந்த ஒரு சொல் மட்டும்தான். பாதி குடித்த தேத்தண்ணியை வைத்துவிட்டு, கைப்பையோடு விறாந்தைக்கு வந்து, “பரவாயில்லைப் பிள்ளை. முகத்துக்கு நேர சொன்னீர். அது நல்ல பழக்கம்,” என்றார். பிறகு மகனைப் பார்த்து, “வெளிக்கிடு தம்பி,” என்றார்.

வாசல் படலை வரை போய்விட்டவர்களை அத்தான்தான் ஓடிப்போய் மறித்து, முதலிலிருந்து கடைசிவரை எல்லாவற்றையும் விளக்கிக் கூட்டிவந்தார். கலியாணம் நடந்தது. மாமி இப்போதும் வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் இந்தக் கதையைச் சொல்கிறார். நான் குசினியிலிருந்து “சாப்பாடு இருக்கு, வாங்கோ” என்று கூப்பிட்டால் மட்டும், வீட்டில் ஒருவரும் உடனே எழும்புவதில்லை. மிச்சமும் வரட்டும் என்று கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்க்கிறார்கள்.